போதும் அக்காவின் சாவிக்கொத்து

ஏரியில் காற்று என்ன கூத்தடிக்கிறது என்று தெரிந்துகொள்ள போதும் அக்கா ஏரிவரை போகவே வேண்டியிருக்கவில்லை. மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டிருந்த கணவருடைய பனியன் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அதைப் பார்த்ததுமே அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்றைக்குத்தான் துடுப்புப் படகுப் போட்டி. நடத்துகிறவள் அவள். போட்டியிடுகிறவர்களில் ஒருத்தி அவள் மகள்.

"காத்தெல்லாம் கொஞ்ச நேரத்துல அடங்கிடும். நாங்க இதைவிடப் பெரிய அலையில எல்லாம் துடுப்புப் போட்டிருக்கோம்," என்றார் கணவர், போர்வைக்குள்ளிருந்தபடியே. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். இளவயதில் இரண்டு மூன்று கோப்பை வாங்கியதால் இன்றும் ஊரில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். எதற்குக் கேப்டன் என்று யாரும் கேட்பதில்லை. வானிலை பற்றி அவர் சொன்னது எதுவும் இதுவரை பலித்ததும் இல்லை.

அக்கா செருப்பை மாட்டினாள். மகளுடைய அறைக் கதவு திறந்திருந்தது. மகள் எப்போதோ எழுந்து, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, மரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திடுவியாம்மா?" என்று கேட்டாள்.

"போய்ப் பார்க்கிறேன்."

"நிறுத்தினா நான் அவ்வளவுதான்."

அது அக்காவுக்கும் தெரியும். ஒற்றை ஆள் படகில் இன்றைக்கு முதலாவதாக வருகிற பெண்ணுக்கு மட்டும் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இடம். தேர்வுக்குழு ஆட்கள் இன்று சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். போட்டி நடக்காவிட்டால் போன வருடத்து நேரத்தை வைத்து ஆளைப் பிடிப்பார்கள். போன வருடம் மகள் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆகமொத்தம், இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

போதும் அக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நீச்சல் தெரியாது. துடுப்பை ஒருநாளும் பிடித்ததில்லை. பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் "டாக்டர் வர நேரமாகும், உட்காருங்க" என்று சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். படகுக்காரரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குப் படகுக் கிளப் வேலை ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. முதலில் வரவேற்பு, பிறகு சாவி, பிறகு எல்லாமே. கேப்டன் மைக் பிடிக்கும் வேலையோடு நின்றுகொண்டார்.

துடுப்புப் படகில் ஒரு விசித்திரம் உண்டு. ஓட்டுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விட்டுவந்ததெல்லாம் தெரியும், வரப்போவது ஒன்றும் தெரியாது. அடிக்கடி திரும்பிப் பார்த்தால் படகு கோணிக்கொண்டு கரையில் முட்டும். கிளப் பிள்ளைகள் தினமும் பயிற்சி எடுப்பது ஏரியிலிருந்து பிரிந்து போகும் வாய்க்காலில். ஓட்டம் முடிகிற இடத்தில், வாய்க்காலின் குறுக்கே இருக்கும் இரும்பு நடைபாலத்தில், அக்கா காலையில் போய் நிற்பாள். ஆரம்பத்தில் கத்திச் சொல்லிப் பார்த்தாள். கிளினிக்கில் பேசிப் பேசித் தேய்ந்த தொண்டை, கீழே கேட்கவில்லை. ஒருநாள் கையிலிருந்த சாவிக்கொத்தால் பாலத்துக் கைப்பிடிக் கம்பியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ணங். போதும், இன்றைக்கு இவ்வளவுதான் என்று அர்த்தம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது, அவளுக்குப் பெயருமாகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் துடுப்பைத் தண்ணீரில் படுக்கப்போட்டுவிட்டு மூச்சு வாங்கலாம். மகள் பள்ளிக்கூடப் பை தூக்கிய காலத்திலிருந்து அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவள்.

ஏரிக்கரையில் அக்கா நினைத்ததைவிட மோசம். போட்டித் தடங்களைப் பிரித்துக் காட்டுவதற்காக முந்தின நாள் முழுக்க வெயிலில் காய்ந்து கட்டிய மிதவைகள் கயிறறுத்துக்கொண்டு ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஏரி முழுக்க வெள்ளை நுரை. ஒற்றை ஆள் படகு என்பது அகலத்தில் ஒரு ஆள் இடுப்புக்கு மேல் இருக்காது; இந்த அலையில் இறக்கினால் தொடங்கிய இடத்திலேயே கவிழும். பயிற்சி முகாமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் போய்ப் படுத்துவிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. முந்தின இரவும் சரியாகத் தூங்கவில்லை. 

தலைமை நடுவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார்.

"ரத்து பண்ணிடலாமா?" என்றார்.

"வாய்க்கால்ல நடத்தலாம் சார். ரெண்டு பக்கமும் கிடங்குச் சுவர் இருக்கு, காத்து அவ்வளவா இறங்காது. பக்கத்துல பக்கத்துல விட முடியாது, அகலம் பத்தாது. ஒருத்தர் பின்னால ஒருத்தரா விட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கலாம்."

"முடியுமா உங்களால?"

முடியாது என்பதுதான் உண்மையான பதில். "பண்ணிடலாம் சார்," என்றாள்.

அதற்கப்புறம் அவளுக்கு உட்கார நேரமில்லை. வெளியூர்க் கிளப்புகளின் பேருந்துகள் வழியில் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் போன் போட்டு, ஏரிக்கரைக்கு வராதீர்கள், கிடங்குத் தெருவின் பின்பக்கம் வாருங்கள் என்றாள். ஆம்புலன்ஸ்காரர் ஏற்கெனவே ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை எழுப்பினாள். காப்பாற்றும் மோட்டார் படகை வாய்க்காலுக்குள் கொண்டுவர மதகுக் காவலரைக் கெஞ்சினாள். அவர் மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். "கேளுங்க அண்ணே, நான் இங்கேயே நிக்கிறேன்," என்று அவர் வாசலிலேயே நின்றாள். இப்படி நிற்கிறவர்களை அவளுக்குக் கிளினிக்கில் நன்றாகப் பழக்கம். கடைசியில் டாக்டரே எழுந்து வந்துவிடுவார். காவலரும் வந்தார்.

படகுகளைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த தெருக்கள் குறுகல், மின்கம்பி தாழ்வு, வண்டி நுழையாது. ஆகவே பிள்ளைகள் தோளில் தூக்கினார்கள். தையல்கடை முனையில் ஒவ்வொரு படகையும் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீளம் அப்படி. முன்னால் இருப்பவன் எதிரே இருந்த முடிதிருத்தகத்துக்குள்ளேயே போய்விட்டுத்தான் வரவேண்டியிருந்தது. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியில் படகு வருவதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே, உட்காருங்க, போட்டி நடக்குது," என்றாள் அக்கா.

"இங்கேயா?" என்றார் அவர்.

மகளும் தன் படகைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாவைக் கடக்கும்போது படகுக்கு அடியிலிருந்து பல் தெரியச் சிரித்தாள். வாய்க்கால் என்றால் அவளுக்கு வீடு மாதிரி. காலையிலிருந்து அக்கா பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

அந்தச் சிரிப்பை இன்னொருவரும் பார்த்திருந்தார். வெளியூர்க் கிளப்பின் பயிற்சியாளர், எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் விசில் மாஸ்டர். அவரிடம் பயிற்சி எடுக்கும் பெண் ஒருத்திதான் அக்கா மகளுக்குச் சரியான போட்டி.

"தப்பா நினைக்காதீங்கக்கா," என்று ஆரம்பித்தார். தப்பாக நினைக்கவேண்டிய பேச்செல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். "எங்க பொண்ணு இந்த வாய்க்காலை இன்னிக்குத்தான் பாக்குறா. உங்க பொண்ணு தினமும் ஓட்டுற தண்ணி. பாலத்துல முடியுதுன்னு வேற சொல்றீங்க. எந்த இடத்துல என்ன வேகம்னு அவளுக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

நாலு பேர் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டது அக்காவின் காதிலும் விழுந்திருந்தது. கோபம் மூக்குநுனிவரை வந்தது. யாருக்காக இப்படி நாயாக அலைகிறேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

"சரி மாஸ்டர். பாலத்தைத் தாண்டி மதகுகிட்ட முடிச்சுக்கலாம். அதுவரைக்கும் எங்க பசங்க யாரும் ஓட்டுனதில்லை. வெளியூர்ப் பசங்க எல்லாரும் ஒருதரம் போயிட்டு வந்து பாத்துக்கட்டும். எங்க பசங்க தண்ணியில இறங்க வேண்டாம். போதுமா?"

"போதும்க்கா," என்றார் விசில் மாஸ்டர், கொஞ்சம் வெட்கத்தோடு.

மகளிடம் போய்ச் சொன்னபோது அவள் முகம் சுருங்கிப்போனது. "எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கணும் உனக்கு. என்கிட்டத் தவிர."

"பாலம் தாண்டியும் துடுப்புப் போடணும். ஞாபகம் வெச்சுக்கோ."

"நான் என்ன குழந்தையா?"

போட்டிக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி, அக்கா ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று தேய்ந்த தொண்டையில் விதிகளைச் சொன்னாள். முடியும் இடம் மதகு. பாலத்தில் யாரும் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, காற்றில் ஆபத்து. இரண்டு முனையிலும் கயிறு கட்டியாயிற்று. போட்டி அதிகாரிகள் யாரும் கரையிலிருந்து யாருக்கும் குரலோ சைகையோ கொடுக்கக் கூடாது. அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தாள்.

தொடங்குமிடத்தில் படகை நேராகப் பிடித்து நிறுத்துகிற மேடை ஏரியிலேயே மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கேப்டன் வாய்க்கால் படிக்கட்டில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு படகின் வாலையும் கையால் பிடித்து விட்டார். மைக் இன்னொருவருக்குப் போனதில் அவருக்கு மனக்குறை. சட்டை முழுக்கப் பாசி. "கோப்பை வாங்கின கைடி இது," என்றார் மனைவியிடம். "நல்லாப் பிடிங்க," என்றாள் அவள்.

எப்படியோ நடந்தது. ஆண்கள், இரட்டையர், சின்னவர்கள் என்று ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தது. யாரும் கவிழவில்லை. அக்கா கரையின் இந்த முனையும் அந்த முனையுமாக நடந்து நடந்து, காலையில் வாங்கிய தேநீரை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துபோனாள். ஒற்றை ஆள் பெண்கள் பிரிவு தொடங்கும்போது எதிர்க்கரையில் மதகுப் பக்கம் நின்ற நடுவரின் வாக்கிடாக்கி உயிரை விட்டது. மாற்று பேட்டரி அக்காவிடம்தான் இருந்தது. அனுப்புவதற்கு ஆள் யாருமில்லை. எதிர்க்கரைக்குப் போக இருக்கிற ஒரே வழி பாலம். தானே கட்டிய கயிற்றைத் தாண்டிக் குதிக்க முடியாமல், குனிந்து நுழைந்து நடந்தாள். காலி பாலம். காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

பாதிப் பாலத்தில் இருக்கும்போதுதான் இரண்டு படகுகளைப் பார்த்தாள்.

முன்னால் வந்தவள் விசில் மாஸ்டரின் பெண். பின்னால் மகள். இருவரையும் தொடங்கி வைத்தபோது நடுவே நல்ல இடைவெளி இருந்தது. இப்போது அதில் பாதிகூட இல்லை. ஒருவர் பின் ஒருவராக விடுகிற போட்டியில் இடைவெளி குறைகிறதென்றால் பின்னால் வருகிறவள் ஜெயிக்கிறாள் என்று அர்த்தம். அது விசில் மாஸ்டரின் பெண்ணுக்குத் தெரியும். அவள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா மகளுக்குத் தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, துடுப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முன்னேறியது. இவ்வளவு அழகாக அவள் ஓட்டி அக்கா பார்த்ததே இல்லை.

முதல் படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து போனது. மகள் வந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து வாயைக் கட்டி, கண்ணைக் கட்டி, எல்லோருக்கும் பொதுவானவளாக இருந்த அக்காவுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. சத்தம் போடக் கூடாது, போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைக் காவல் காத்தவள் கையை மறந்துவிட்டாள். சாவிக்கொத்து இருந்த கை தானாக எழுந்து, போடி என் தங்கமே என்று நினைத்துக்கொண்டே, கம்பியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.

ணங்.

மகளின் துடுப்பு இரண்டும் தண்ணீரில் படுத்தன. தோள் தளர்ந்தது. தலை முழங்காலில் சாய்ந்தது. பயிற்சி முடிந்த பெண்ணாக அவள் பாலத்துக்கு அடியில் மிதந்து போனாள்.

 அக்கா பாலத்தின் அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். படகு வேகம் இழந்து சறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு மகள் திடுக்கென்று நிமிர்ந்து, சுற்றும்முற்றும் பார்த்து, மேலே பார்த்தாள். அம்மா நின்றாள். ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் மறுபடி துடுப்பைப் பாய்ச்சி இழுத்தாள், பைத்தியம் பிடித்தவள்போல இழுத்தாள். நின்றுபோன படகைக் கிளப்புவதற்குள் போகவேண்டியது போய்விட்டது.

இரண்டாம் இடம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் வித்தியாசம்.

தலைமை நடுவர் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா போய்ச் சொல்லிவிட்டாள். "நான்தான் சார் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கு நிறுத்துறது எங்க வழக்கம். வேணும்னு தட்டலை."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அதிகாரியோட இடையூறுன்னா அந்த ஆளுக்கு மறுபடி ஓட விதியில இடம் இருக்கு," என்றார்.

"விடுங்க சார், ஓடட்டும்," என்றது விசில் மாஸ்டர். அந்த மனுஷனிடமிருந்து அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. "நானும் பாத்தேன். பொண்ணு ஜெயிச்சுக்கிட்டு இருந்தா."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.  அக்காவின் கண் மதகின் மேல் கட்டியிருந்த கொடிக்குப் போனது. மகளின் கண்ணும் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து குறுக்கே அடித்துக்கொண்டிருந்த கொடி இப்போது வாய்க்காலின் நீளத்துக்கு, மதகுப் பக்கமாக, விறைத்து நின்றது. இப்போது இறங்குகிறவளை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் காற்று. விசில் மாஸ்டரின் பெண்ணோ கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளால் இன்னொரு முறை முடியாது.

"வேண்டாம் சார்," என்றாள் மகள். "காத்து மாறிடுச்சு." சொல்லிவிட்டுக் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சுவரில் ஓங்கி அடித்தாள். பிறகு அதைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

"உன் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதாடி?" என்றார் கேப்டன், பாசிச் சட்டையோடு வந்து. அவர் கண் கலங்கியிருந்தது.  அக்கா சாவிக்கொத்தைக் கைப்பையின் அடியில், காலி டிபன்பாக்ஸுக்குக் கீழே போட்டாள்.

சாயங்காலம் காற்று நின்றது. அதுவும் எப்படி, காலையில் பேயாட்டம் ஆடியது நான்தானா என்று கேட்பதுபோல. ஏரி அசையாமல் கிடந்தது. பேருந்துகள் போயின, ஆம்புலன்ஸ் போயிற்று, தேர்வுக்குழுவும் போயிற்று. ஜெயித்த பெண் போகும்போது அக்காவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா ஓட்டுனேம்மா," என்றாள் அக்கா. அது உண்மைதான்.

மகளுடைய படகு மட்டும் மதகுப் பக்கம் கிடந்தது. தூக்கிக்கொண்டு போக ஆளைக் கூப்பிடட்டுமா என்று அக்கா கேட்டதற்கு மகள் காது கேட்காதவள் மாதிரி இருந்தாள்.  தானே படகைத் தண்ணீரில் இறக்கி ஏறிக்கொண்டு, படகுக் கொட்டகைப் பக்கம் திரும்பி ஓட்ட ஆரம்பித்தாள். அக்கா பாலத்துக்குப் போனாள். கயிற்றை அவிழ்க்கவேண்டும்; காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிற பாலம்.

ஒரு முனையை அவிழ்த்து, இன்னொரு முனைக்குப் போகும் வழியில் துடுப்புச் சத்தம் கேட்டது. மெதுவான, ஒரே சீரான இழுப்பு. அக்கா கம்பியிலிருந்து விலகி நின்றாள். படகு பாலத்தை நெருங்கியது.

"அம்மா," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"தட்டு."

"வேணாம்டி."

"தட்டும்மா. என்னால நிறுத்த முடியலை."

கைப்பைக்குள் துழாவியதில் டிபன்பாக்ஸ் கீழே விழுந்து உருண்டது. சாவிக்கொத்தை எடுத்தாள். தட்டு அவ்வளவு பலமாக விழவில்லை. ணங்.

துடுப்பு இரண்டும் தண்ணீரில் படுத்தன. மகள் முழங்காலில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, கிடங்குச் சுவர்களில் மோதித் திரும்பும்படி, வாய்விட்டு அழுதாள். படகு தன்பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போனது.

அக்கா கம்பியைப் பிடித்துக் குனிந்து, "போதும் கண்ணு, போதும்," என்றாள். அந்தத் தொண்டைக்கு அது கீழே கேட்டிருக்காது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றாள்.